புங்கமரத்துக்கு ஒரு பிளக்

இயற்பியல் படித்தவர்களை ஏமாற்றுவதுபோல் சுலபமான காரியம் உலகத்தில் வேறு கிடையாது. தங்களை யாரும் ஏமாற்ற முடியாது என்ற நினைப்பு அவர்களுக்கு இருக்கிறது. மற்றவர்கள் கூட்டத்தில் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். நாங்கள் பையைத் திறந்து போட்டுவிட்டு, பிக்பாக்கெட் எப்படி அடிக்கிறார்கள் என்று பக்கத்தில் வருகிறவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நடப்போம்.

இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது. வருஷங்கள் ஓடிவிட்டன, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. யார் மேல் என்று கேட்டால் ஒரு வரிசையே நிற்கும். அந்தப் பச்சை ஜிப்பாக்காரன் மேல், எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மேல், கைதட்டிய அத்தனை பேர் மேல். வரிசையின் முதல் ஆளாக, கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நாற்பது வயது பிசிக்ஸ் டீச்சர் மேல். அது நான்தான்.

எங்களுடையது சிட்லபாக்கத்தில் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி உள்ள மூன்று மாடிக் குடியிருப்பு. நாங்கள் தரைத்தளம். தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: பால்கனியில் இருக்கும் பிளக் நம்முடையது அல்ல, ஊருடையது. தச்சர் வருவார், "அக்கா, ஒரு பிளக்." சுவரில் துளை போடுகிறவர் வருவார், "அக்கா, ஒரு பிளக்." பிள்ளையார் சதுர்த்தி சீரியல் செட்டும் அதில்தான், மாடி வீட்டு கிறிஸ்துமஸ் ஸ்டாரும் அதில்தான். கேட்டவருக்கு இல்லையென்று சொன்ன தரைத்தளத்துக்காரர் தாம்பரம் வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை. நாங்களும் எதற்கு என்று கேட்பதில்லை. கேட்டால் கஞ்சம் என்பார்கள்.

எங்கள் கட்டடத்துக்கு ஒரு ஜெனரேட்டர் இருந்தது. கிழடு. கிளம்பும்போது கட்டடமே இருமுவதுபோல் இருக்கும். ஆனால் மூன்றாம் மாடி உஸ்மான் பாய்க்கு அதுதான் மூச்சு. பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொண்டுதான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் போனால் மெஷின் நிற்கும். ஜெனரேட்டர் போட்டால் ஓடும். அதனால் கரண்ட் போன மறு நிமிஷமே யாராவது ஒருவர் அதைக் கிளப்ப ஓடுவது எங்கள் கட்டடத்தில் எழுதாத சட்டம்.

இந்த ஜெனரேட்டரை விற்றுவிட்டு மரத்திலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்றார் செயலாளர் ராமநாதன் சார்.

ராமநாதன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல் துலக்குவதற்கு முன்பே குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டுவிடுகிற ரகம். இரண்டு காந்தத்தை ஒட்டினால் ஃபேன் ஓடுகிறது, உப்புத் தண்ணீரில் டியூப்லைட் எரிகிறது, சாணத்தில் வயரைச் செருகினால் செல்போன் சார்ஜ் ஏறுகிறது. ஒவ்வொன்றுக்கும் நான் மறுப்பு எழுதுவேன். பத்தி பத்தியாக எழுதுவேன். அவர் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். (என் மறுப்பை என் வீட்டுக்காரர் சாமுவேல்கூடப் படித்ததில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.)

சங்கக் கூட்டத்தில் அவர் ஆரம்பித்தார். "ஜெனரேட்டர்னா சத்தம், புகை, டீசல் செலவு. மரம் சும்மாதானே நிக்குது? அதுக்கு ஒரு வேலை குடுப்போமே."

"மரம் சும்மா நிக்கல சார்," என்றேன். "தன் சாப்பாட்டைத் தானே சமைச்சுக்கிட்டு நிக்குது. உங்களுக்கும் சேர்த்து உலை வைக்காது."

"டீச்சர், உங்களுக்கு எதை எடுத்தாலும் நெகட்டிவ்தான்."

உஸ்மான் பாய் மெதுவாகச் சொன்னார், "மொட்டை மாடியில சோலார் போடலாமே சார்? எங்க மச்சான் கீழ்க்கட்டளைல போட்டிருக்காரு. நல்லா வேலை செய்யுது."

"அதுக்கு வெயில் வேணும் பாய்!"

சிட்லபாக்கத்தில் வெயிலுக்குப் பஞ்சமாம். எனக்கு அங்கேயே ரத்தம் கொதித்தது. சோலார் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, நியாயமான சங்கதி. அதனால் அதில் யாருக்கும் கிளுகிளுப்பு இல்லை. மரத்திலிருந்து கரண்ட் வருகிறது என்றால்தான் ஜனங்களுக்குக் கண் விரிகிறது. கடைசியில், அப்படி எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஓர் ஆளை வரவழைத்து, ஒரு நாள் செய்துகாட்டச் சொல்லிப் பார்க்கலாம் என்று முடிவானது. அதற்கு ராமநாதன் சார் தேர்ந்தெடுத்தது மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விடும், மத்தியானம்தான் வரும். ஊரிலேயே கரண்ட் இல்லாதபோது மரம் எரிந்தால் அதைவிட நிரூபணம் வேண்டுமா என்றார்.

எனக்குப் பரம சந்தோஷம். எங்கிருந்தோ கரண்ட்டைத் திருடித்தான் எரியவிடப் போகிறான், ஒன்பது மணிக்கு வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும் என்று கணக்குப் போட்டேன். முதல் நாள் சாயங்காலமே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவனைக் கிழிப்பதற்கு ஒரு சொற்பொழிவு தயாரித்தேன். ஆற்றல் அழிவின்மை விதியில் ஆரம்பித்து, நடுவில் இரண்டு திருக்குறள், முடிவில் மூடநம்பிக்கைக்கு ஒரு சவுக்கடி.

அப்போது ராமநாதன் சார் வாசலில் வந்து நின்றார். "டீச்சர், ஒரு சின்ன உதவி. நாளைக்கு மைக் செட் வைக்கிறோம். ஒன்பது மணிக்கு ஷட்டவுன் ஆயிட்டா மைக் நின்னுடும். உங்க வீட்லதான் பெரிய இன்வெர்ட்டர் இருக்கே, பால்கனி பிளக்கை மட்டும் குடுத்தீங்கன்னா..."

சாமுவேல் உள்ளேயிருந்து, "அவங்க மீட்டிங்குக்கு நம்ம கரண்ட் எதுக்கு எஸ்தர்?" என்றார்.

நான் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. மைக் நின்றுவிட்டால் என் சொற்பொழிவு என்ன ஆவது? "உங்களுக்கு ஜனநாயகமே தெரியாது," என்று அவரை அடக்கிவிட்டு, வாசல் பக்கம் திரும்பிச் சொன்னேன். "தாராளமா எடுத்துக்கோங்க சார்."

மறுநாள் காலை பச்சை ஜிப்பாவில் வந்து இறங்கினான் பரந்தாமன். 'இயற்கை விஞ்ஞானி' என்று அட்டை கொடுத்தான். (முதலில் 'இறங்கினார்' என்றுதான் எழுதினேன். கை கேட்கவில்லை.) கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் புங்கமரத்தின் அடியில் ஒரு செம்புக் கம்பியையும் ஒரு துத்தநாகத் தகட்டையும் சொருகினான். அங்கிருந்து வயர் இழுத்து ஒரு பச்சைப் பெட்டிக்குள் விட்டான். பெட்டி, மைக் செட் வைத்திருந்த மேஜை மேலேயே இருந்தது. மேஜைக்குத் தரை வரைக்கும் தொங்கும் வெள்ளைத் துணி. கிளைகளில் பல்புகளைக் கட்டினான். ராமநாதன் சார் முகத்துக்கு நேராக ஒரு டேபிள் ஃபேனும் வைத்தான். சுவிட்சைப் போட்டதும் எல்லாம் எரிந்தது, ஃபேனும் சுழன்றது.

"அம்மா, அய்யா, பூமிக்கு அடியில சக்தி கொட்டிக் கெடக்கு. மரம் அதை வேர் வழியா இழுக்குது, இலை வழியா வீணா விட்டுடுது. நடுவுல நாம கொஞ்சம் வாங்கிக்கிறோம். மரத்துக்கும் வலிக்காது, நமக்கும் பில் வராது!"

நான் சும்மா இருப்பேனா? மரத்தைச் சுற்றி வந்தேன். பட்டையைச் சுரண்டினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தோசைக் கரண்டியால் வேரடி மண்ணைத் தோண்டினேன். மீட்டர் அறைக்குப் போய் ஏதாவது வயர் வருகிறதா என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மேஜைத் துணியைத் தூக்கிப் பார்க்கவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. மேஜைக்கு அடியில் என் வீட்டு மைக் வயர்தானே இருக்கிறது, அதில் என்ன பார்க்க?

"அந்தப் பெட்டியைத் திறங்க," என்றேன்.

"அது ரகசியம் மேடம். காப்புரிமைக்குப் போட்டிருக்கேன்."

"எலுமிச்சம்பழத்துல ரெண்டு உலோகத்தைக் குத்தினாலும்தான் துளி கரண்ட் வரும். அது பழம் குடுக்கிறதில்ல, துத்தநாகம் கரையறதால வர்றது. அதை வெச்சு ஃபேன் ஓட்ட முடியுமா?"

"சயின்ஸ் வேற, இயற்கை வேற மேடம்."

கைதட்டினார்கள்! அந்த வாக்கியத்துக்குக் கைதட்டினார்கள்! அதில் என்னிடம் டியூஷன் படித்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்களும் இருந்தார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அப்போது மட்டுகூட மிச்சமில்லை. மைக்கைப் பிடுங்கினேன். தயாரித்த சொற்பொழிவு, திருக்குறள் எல்லாம் பறந்துபோய்விட்டது.

"எங்கேருந்தோ லைன் இழுத்திருக்கார்! ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும், அதோட இந்த மரமும் அணையும். அணையலைன்னா, நான் பாடம் நடத்துறதையே விட்டுட்டு இவர்கிட்ட கம்பி நடற வேலைக்குச் சேர்ந்துடறேன்!"

(மைக் கணீரென்று வேலை செய்தது. எங்கள் இன்வெர்ட்டர் ஆயிற்றே.)

ஒன்பது மணி ஆயிற்று. தெருவில் ஏதோ ஒரு வீட்டு கிரைண்டர் சத்தம் நின்றது. மாடிகளில் ஃபேன்கள் நின்றன. எல்லாரும் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தோம்.

மரம் எரிந்துகொண்டிருந்தது.

அப்படி ஒரு கைதட்டலை எங்கள் தெரு கேட்டதில்லை. ராமநாதன் சார் பரந்தாமனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். டேபிள் ஃபேன் காற்றில் அவர் தலையில் மிச்சமிருந்த முடி வெற்றிக்கொடி மாதிரி பறந்தது. யாரோ, "டீச்சர், கம்பி நட எப்போ போறீங்க?" என்றார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. ஒரு நிமிஷம், கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், நான் அந்தப் புங்கமரத்தைப் பார்த்துப் பயந்தேன். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். "ஏசப்பா, இது எப்படி?" என்று நான் முணுமுணுத்தது ஸ்பீக்கரில் ஏரி வரைக்கும் கேட்டது.

கரண்ட் இல்லாத ஊரில் என் மைக் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வி மட்டும் எனக்கு எழவில்லை. சாமுவேல் கூட்டத்தின் பின்னால் நின்று இரண்டு விரலை நீட்டி, சுவரில் குத்துவதுபோல் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். பிளக் என்கிறார். என் கண்ணைக் குத்திக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்து அவரையும் முறைத்தேன்.

அந்தக் கைதட்டலைக் கிழித்துக்கொண்டு மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. உஸ்மான் பாயின் மனைவி ஜமீலா அக்கா, மூன்றாம் மாடி பால்கனியில் பாதி உடம்பு வெளியே தெரிய நின்றார்.

"ஜெனரேட்டர் போடுங்க! மெஷின் நின்னுடுச்சு! இவருக்கு மூச்சு முட்டுது! யாராச்சும் ஜெனரேட்டர் போடுங்களேன்!"

யாரும் அசையவில்லை. எல்லாரும் ராமநாதன் சாரைப் பார்த்தார்கள். அவர் முகம் கொஞ்சம் வெளுத்தது.

"அதுல... பேட்டரியை நேத்தே கழட்டியாச்சு. பழைய இரும்புக்காரர் இன்னிக்கு வந்து எல்லாத்தையும் எடுத்துக்கிறேன்னாரு."

மரம் எரியுமா எரியாதா என்று பார்ப்பதற்கு முன்பே, மாடியில் இருக்கிற மனிதரின் மூச்சை பழைய இரும்புக்குப் பேசி முடித்திருக்கிறார்.

"பரந்தாமன் சார், மரத்துலேருந்து பாய் வீட்டுக்கு ஒரு லைன் குடுத்துடுங்களேன்," என்றார் ராமநாதன் சார், அவசரமாக.

பச்சை ஜிப்பா ஒரு அடி பின்னால் போனது. "இன்னிக்கு முதல் நாள் சார். மரம் சோர்ந்துடும். நாளைக்குப் பார்க்கலாம்."

"மரம் சோர்ந்துடுமா?" என்று கத்தினேன். "அங்கே மனுஷன் மூச்சு விட முடியாம கெடக்கான், உன் மரம் சோர்ந்துடுமா? ஃபேன் ஓட்டுதே, அப்போ சோரலையா?"

அவனோடு சண்டை போட நேரமில்லை. தலையைத் தூக்கி, "அக்கா! நீள வயர் இருந்தா கீழே விடுங்க! எங்க இன்வெர்ட்டர்ல போடறேன்!" என்று கத்திவிட்டு ஓடினேன். நோன்புக் காலத்தில் மொட்டை மாடியில் விளக்குப் போட அவர்கள் வாங்கி வைத்திருந்த வயர் அது. மூன்றாம் மாடியிலிருந்து எங்கள் பால்கனிக்குச் சரசரவென்று இறங்கி வந்தது. அதன் பிளக் முனையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். இருப்பது ஒரே ஒரு பிளக். அதிலும் மைக் வயர் உட்கார்ந்திருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு, பாய் வீட்டு வயரைச் செருகினேன்.

"ஓடுது! ஓடுதும்மா!" என்று மேலே ஜமீலா அக்கா அழுதார்.

அதே நேரத்தில் மரத்தடியிலிருந்து "அய்யய்யோ!" என்று கூட்டமாக ஒரு சத்தம்.

வெளியே வந்து பார்த்தேன். மரம் அணைந்திருந்தது. ஃபேன் நின்றிருந்தது. ராமநாதன் சாரின் வெற்றிக்கொடி படிந்துவிட்டது. நான் அணைந்த பல்புகளைப் பார்த்தேன், என் பால்கனியைப் பார்த்தேன், மேஜையைப் பார்த்தேன். சாமுவேல் பேசாமல் போய் மேஜைத் துணியைத் தூக்கினார். அடியில் எங்கள் வயரின் ஜங்ஷன் பாக்ஸ். அதில் மைக் செட்டின் பிளக்குக்குப் பக்கத்தில், பச்சைப் பெட்டியிலிருந்து கள்ளத்தனமாக இறங்கி வந்த இன்னொரு பிளக்.

இனி என்ன, எல்லாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"பார்த்தீங்களா?" என்றான் பரந்தாமன். கொஞ்சம்கூடக் கூசவில்லை. "பெட்டிக்கு முதல்ல ஸ்டார்ட்டிங் கரண்ட் கொஞ்சம் வேணும், அதுக்குத்தான் அந்த வயரு. மேடம் கெட்ட எண்ணத்தோட பிடுங்கினதும் மரம் நின்னுடுச்சு. மரத்துக்கு மனசு உண்டு சார்."

இரண்டு பேர் தலையாட்டினார்கள். சத்தியமாக ஆட்டினார்கள்.

ராமநாதன் சார் இன்னும் ஒரு படி மேலே போனார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார். "கரண்ட் உங்க வீட்டுது. பிளக் குடுத்தது நீங்க. கரண்ட் போனாலும் எரியுமான்னு சவால் விட்டதும் நீங்க. அப்போ டீச்சர், நீங்களும் இவரோட கூட்டா?"

அதற்குப் பிறகு நான் பேசியதை எழுத மாட்டேன். பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவள். மைக் இல்லை, தேவையும் படவில்லை. தயாரித்துவைத்த சொற்பொழிவில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. ஆனால் அடுத்த தெருவில் காய்கறி வண்டி தள்ளிக்கொண்டிருந்தவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டதாகச் சொன்னார்கள். நான் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது பரந்தாமனைக் காணோம். செம்புக் கம்பியையும் துத்தநாகத் தகட்டையும் மண்ணிலேயே விட்டுவிட்டு, பெட்டியோடு ஆட்டோ ஏறியிருந்தான்.

அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு குட்டி லாரி வந்து நின்றது. பழைய இரும்புக்காரர் இறங்கினார்.

"இன்னா சார், அந்த ஜெனரேட்டரைத் தூக்கிக்கினு போலாமா?"

"கிடையாது! பேட்டரியை மாட்டுய்யா முதல்ல!" என்று ஐந்தாறு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். சற்றுமுன் கைதட்டிய அதே ஐந்தாறு பேர்.

அவர் அணைந்த பல்புகள் தொங்கும் மரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "இன்னா பேஜாரு சார் இது, வண்டி வாடகை குடுத்துட்டு வந்துகினு கீறேன். அந்த பல்பையாவது குடுங்க."

பல்புகளை அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

ஜெனரேட்டர் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறது. மொட்டை மாடியில் சோலாரும் வந்துவிட்டது. அதற்கு ரிப்பன் வெட்டியவர் ராமநாதன் சார். இதுவும் என் கோபத்தில் சேர்த்தி. மரம் எரிந்ததைத் தன் இரண்டு கண்ணால் பார்த்ததாகவும், ஒரு டீச்சரின் பொறாமையால் நாட்டுக்கு ஒரு கண்டுபிடிப்பு போய்விட்டதாகவும் அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் இடியைக் குடத்தில் பிடிக்கும் வீடியோ அனுப்பினார். நான் மறுப்பு எழுதினேன். கும்பிடு பொம்மை வந்தது.

அந்தக் கம்பியையும் தகட்டையும் கழுவித் துண்டுகளாக்கி வைத்திருக்கிறேன், வகுப்புக்கு எடுத்துப்போகிறேன். ஈர மண்ணும் இரண்டு மூன்று கிண்ணங்களும் இருந்தால் ஒரு பொட்டு எல்.இ.டி. மங்கலாக எரியும். இயற்கை தருவது இவ்வளவு, மீதி யாரோ வீட்டு பிளக் என்று சொல்வேன். யார் வீட்டு பிளக் என்று எந்தப் பிள்ளையாவது கேட்கும். அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

வீட்டில்தான் தப்பிக்க வழியில்லை. என் மகள் பிரிஸ்கில்லா, யாராவது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால், "மரத்துக்கு பிளக் குடுத்துட்டாங்க" என்பாள். சம்பந்தி வீட்டார் முதல்முறை வந்தபோதும் சொன்னாள். சாமுவேல் இப்போதும் என்னோடு வாக்குவாதத்தில் தோற்கும்போதெல்லாம் வாயைத் திறக்காமல் இரண்டு விரலை மட்டும் நீட்டிச் சுவரில் குத்துகிறார்.

பராமரிப்பு நாட்களில் ஜெனரேட்டரை நம்பாமல் ஒன்பது மணிக்கு முன்பே மூன்றாம் மாடியிலிருந்து அந்த நீள வயர் எங்கள் பால்கனிக்கு இறங்கிவிடுகிறது. கூடவே உஸ்மான் பாயின் போன். "டீச்சரம்மா, உங்க மரம் நல்லா இருக்கா?" சிரிப்பில் அவருக்கு மூச்சு முட்டும். "சிரிக்காதீங்க பாய், முதல்ல மெஷினைப் போடுங்க," என்று அவர் மேலும் எரிந்து விழுவேன்.

போன மாதம், பக்கத்துத் தெருவில் ஏதோ இயற்கை வாழ்வியல் கண்காட்சிக்காக ஒருவர் வந்து பால்கனியில் பிளக் கேட்டார். நான் வழக்கம்போல், "தாராளமா..." என்று வாயைத் திறந்தேன். பழக்க தோஷம். அந்த மனிதர் பிளக்குக்கு மேலே எதையோ வாசித்துவிட்டு, ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துவிட்டு, பிளக்கை வாங்காமலேயே திரும்பிப் போய்விட்டார்.

அங்கே ஒரு சின்னப் பலகை இருக்கிறது. பல்லாவரத்தில் சொல்லிச் செய்து, பாய் தம் கையால் கொண்டுவந்து கொடுத்தது. அதற்காக ஆக்சிஜன் இல்லாமல் லிஃப்டில் கீழே இறங்கி வந்தார் என்று அன்றைக்கும் நான் அவரைத் திட்டினேன். அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

'இந்த பிளக் மனிதர்களுக்கு மட்டும்.'